பிழை நிரலிலா, அமைப்பிலா?

ஜாவா மொழியில் எழுதிய நிரல் ஓடவில்லையென்றால், நிரலில்தான் பிழை என்று மாணவர் பலர் முடிவு கட்டிவிடுகின்றனர். தமிழ் வழியில் பயின்றவரோ, "எனக்கு ஆங்கிலம் போதாது" என்று ஒதுங்கியும் விடுகிறார். பல நேரங்களில் குற்றம் அவருடையதன்று. எடிட்டரின் அமைப்பில் உள்ளது.

இன்று பலரும் பயன்படுத்தும் விஷுவல் ஸ்டுடியோ கோட் என்னும் எடிட்டரை மைக்ரோசாஃப்ட் 2015-இல் வெளியிட்டது. அது விலையின்றிக் கிடைக்கிறது. தட்டும்போதே பிழையை அடிக்கோடிட்டுக் காட்டுகிறது. இவை மறுக்க முடியாத நன்மைகள்.

மேவன், கிரேடில் போன்ற கருவிகள் இல்லாத சிறு ஜாவா வேலைக்கு, 'செட்டிங்ஸ்.ஜேசன்' என்ற கோப்பில் மூன்று செய்திகள் போதும். மூல நிரல் எங்கே? கம்பைல் செய்தது எங்கே போய்ச் சேர வேண்டும்? வெளியிலிருந்து பெற்ற ஜார் கோப்புகள் எங்கே? இராஜபாளையத்து நூற்பாலையில் பஞ்சுக் கிடங்கையும் நூல் கிடங்கையும் வகுத்து வைப்பதைப் போன்றதே இது.

குறை எங்கே எனப் பார்ப்போம். ஜாவாவில் பெயர்களைத் தமிழிலேயே வைக்கலாம். 'பால்கோவா' என்ற கிளாஸ், 'விருதுநகர்.ஸ்ரீவில்லிபுத்தூர்' என்ற பேக்கேஜில் இருப்பதாகக் கொள்ளுங்கள். பேக்கேஜ் என்பது அஞ்சல் முகவரி போன்றது. மூலக் கோப்புறைக்குள் 'விருதுநகர்', அதனுள் 'ஸ்ரீவில்லிபுத்தூர்', அதனுள் கோப்பு என்று இருக்க வேண்டும். தவறுதலாக 'விருதுநகர்' கோப்புறையையே மூலம் என்று அமைப்பில் குறித்துவிட்டால், மாவட்டத்தின் பெயர் முகவரியில் மிகையாகிவிடுகிறது. "அறிவித்த பேக்கேஜும் எதிர்பார்த்த பேக்கேஜும் பொருந்தவில்லை" என்று எடிட்டர் நிரலின் முதல் வரியில் சிவப்புக் கோடு போடுகிறது.

அருகில் தோன்றும் பல்புக் குறியை அழுத்தினால் பேக்கேஜ் பெயரை மாற்றிக்கொள்ள வழி சொல்கிறது! அதாவது, தவறான அமைப்புக்கு ஏற்பச் சரியான நிரலைத் திருத்தச் சொல்கிறது. கோடு மறையும், ஆனால் முழு முகவரியோடு பால்கோவாவைத் தேடும் 'விருதுநகர்.இராஜபாளையம்' நிரலுக்கு அது கிட்டாது.

மற்றொரு குறை: கம்பைல் செய்தவை சேருமிடத்தைக் குறிக்காவிட்டால், எடிட்டர் தன் சொந்தச் சேமிப்பிடத்தில் அவற்றை வைத்துக்கொள்கிறது. மாணவர் அவற்றைக் கண்ணால் காண்பதே இல்லை. காணாததை எப்படிப் புரிந்துகொள்வார்?

இதற்கு மருந்து எளிது. முதல் வாரம் எடிட்டரின் ஓட்டும் பொத்தானைத் தொடாமல், 'ஜாவாசி' கட்டளையைக் கையால் தட்டிப் பழகுங்கள். சேருமிடம், ஜார் கோப்புகளின் இடம் இரண்டையும் நீங்களே சொல்லுங்கள். 2022-இல் வந்த ஜாவா 18-க்கு முந்தைய பதிப்பை விண்டோஸில் பயன்படுத்துவோர், தமிழ் எழுத்து சிதையாதிருக்க 'யுடிஎஃப்-8' குறிமுறையையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். அதன்பின் செட்டிங்ஸ் கோப்பைத் திறந்தால், அதில் இருப்பவை நீங்கள் தட்டிய அதே செய்திகள்தாம் என்பது விளங்கும்.

எடிட்டர் நல்ல வேலையாள், ஆசிரியர் ஆகாது. சிவப்புக் கோடு கண்டதும் நிரலை அழிக்காதீர்கள். முதலில் அந்த மூன்று வரிகளைப் பாருங்கள்.