உயர்திணை இல்லாத அறிக்கை

2024ஆம் ஆண்டு ஜூலை மாதம் 19ஆம் திகதி வெள்ளிக்கிழமை உலகின் பல பாகங்களிலும் கணினிகள் ஏறக்குறைய ஒரே வேளையில் செயலற்றுப் போயின. விமான நிலையங்களிற் பிரயாணிகள் தரையிற் படுத்துறங்கினர். பிரித்தானியாவில் குடும்ப வைத்தியர்கள் நோயாளரின் பதிவுகளைத் திறக்க வழியின்றிக் காகிதத்துக்குத் திரும்பினர். ஸ்கை செய்திச் சேவை அன்று காலை ஒளிபரப்பின்றி இருந்தது. இந்தியாவில் விமானப் பிரயாணிகளுக்குக் கையால் எழுதிய ஏறுசீட்டுக்கள் வழங்கப்பட்டன. பாதிக்கப்பட்ட கணினிகள் 85 இலட்சம் என்று மைக்ரோசொப்ட் கம்பனி மதிப்பிட்டது. விண்டோஸ் கணினிகள் யாவற்றிலும் இது நூற்றுக்கு ஒன்றிலும் குறைவுதான் என்றும் அது ஆறுதல் கூறியது. நூற்றில் ஒன்றுக்கும் குறைவானவை விழுந்ததும் இத்தனை நாடுகள் தடுமாறின என்றால், அந்த ஒரு பங்கு எங்கெங்கே வைக்கப்பட்டிருந்தது என்பதை அவ்வாறுதல் மொழி சொல்லாமலே சொல்லிவிடுகிறது.

இதற்கு யார் பொறுப்பு என்ற வினா உடனே எழுந்தது. விடைகளும் உடனே வந்தன. அவ்விடைகளையே நாம் இங்கு விமர்சனத்துக்கு எடுத்துக்கொள்கிறோம். இலக்கியப் பத்திரிகையில் இயந்திரக் கதை எதற்கு என்று கேட்கும் நண்பர்கள் உளர். கம்பனி வெளியிடும் அறிக்கையும் எழுத்துத்தான். பல நாவல்களிலும் பார்க்கக் கூடிய கவனத்துடன், கூலி பெறும் சட்டத்தரணிகளின் மேற்பார்வையில் எழுதப்படுவது அது. அவ்வெழுத்தை வாசிக்கப் பழகாத விமர்சனம் தன் காலத்து எழுத்தின் பெரும் பகுதியை வாசிக்காது விட்ட விமர்சனமே.

முதலில் நடந்ததைச் சுருக்கமாக அறிந்துகொள்வோம். டெக்சாஸ் மாநிலத்து ஒஸ்டின் நகரைத் தலைமையிடமாகக் கொண்ட கிரவுட்ஸ்ட்ரைக் என்னும் கம்பனி, ஃபால்கன் என்ற காவல் மென்பொருளை விற்கிறது. பகைவர் கணினிக்குட் புகுவதைக் கண்டறிவது அதன் தொழில். அத்தொழிலைச் செய்வதற்காக அது கேர்னல் எனப்படும் மையப் பகுதியிலேயே குடியிருக்கிறது. வாசலில் நிற்கவேண்டிய காவற்காரனைப் பள்ளியறையிற் படுக்கவிட்ட கதைதான். அங்கே அவன் தடுக்கி விழுந்தால் வீடே விழும். புதிய புதிய பகைவர்களின் அடையாளங்களைக் காவற்காரனுக்குச் சொல்லக் கம்பனி நாள்தோறும் சிறு கோப்புக்களை அனுப்புகிறது. அன்று கிரீன்விச் நேரப்படி அதிகாலை 4 மணி 9 நிமிடத்துக்கு அனுப்பப்பட்டது 291ஆம் இலக்கத் தொடரைச் சேர்ந்த ஒரு கோப்பு.

அந்தத் தொடரின் அமைப்பு 2024 பெப்ரவரியில் அறிமுகமானது. அதில் 21 கட்டங்கள் வகுக்கப்பட்டிருந்தன. ஆனால் கணினியில் ஓடிய மென்பொருளோ 20 கட்டங்களுக்குரிய விபரங்களையே கொடுத்தது. மார்ச்சிலும் ஏப்ரலிலும் வந்த கோப்புக்களில் 21ஆம் கட்டத்தில் ‘எதுவாயினும் சரி’ என்ற பொருள்படும் குறியே இருந்தமையால், அக்கட்டத்தை ஒருவரும் எட்டிப்பார்க்க நேரவில்லை. ஜூலை 19இல் வந்த கோப்பு, முதன்முறையாக, 21ஆம் கட்டத்தில் உண்மையான ஒரு விபரத்தைக் கேட்டது. இல்லாத விபரத்தைத் தேடி மென்பொருள் தனக்குரியதல்லாத நினைவகப் பகுதியைப் படிக்க முயன்றது, விண்டோஸ் நின்றுவிட்டது. மீண்டும் இயக்கினால் காவற்காரனே முதலில் எழுவான், மீண்டும் அதே கோப்பு, மீண்டும் நீலத்திரை. காலை 5 மணி 27 நிமிடத்துக்குக் கம்பனி கோப்பை மீட்டுக்கொண்டது. 78 நிமிடம்! ஆயினும் விழுந்துவிட்ட கணினிகள் வலையமைப்புடன் பேசும் நிலையில் இல்லாதபடியால் மீட்ட செய்தி பெரும்பாலானவற்றைச் சென்றடைய வழியில்லை.

இந்த விபரங்களை நாம் கம்பனியின் அறிக்கையிலிருந்தே எடுத்தோம். 2024 ஓகஸ்ட் 6ஆம் திகதி வெளியான மூலகாரண ஆய்வறிக்கை அது. இயந்திரத்தின் பிழையைப் பொறுத்தவரை அது நேர்மையான ஆவணம் என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும்; எத்தனையோ கம்பனிகள் இதிற் பாதியைக்கூட வெளியிடுவதில்லை. ஆனால் அதன் வாக்கியங்களுக்கு எழுவாய் எது என்று பாருங்கள். மென்பொருள் இருபதை எதிர்பார்த்ததாம். கோப்பு இருபத்தொன்றைக் கொடுத்ததாம். சரிபார்க்கும் கருவி தவறவிட்டதாம். பொருத்தமின்மை வீழ்ச்சியை விளைத்ததாம். மென்பொருள், கோப்பு, கருவி, பொருத்தமின்மை - எல்லாமே அஃறிணை. எதிர்பார்ப்பதும் தவறவிடுவதும் உயர்திணைக்குரிய வினைகள் என்று நாம் எண்ணியிருந்தோம். இங்கே பொருள்கள் எண்ணுகின்றன, தவறுகின்றன, திருந்துகின்றன. மனிதர் எவரும் எதையும் தீர்மானிக்கவில்லை. கம்பனியின் பெயர் வருமிடங்களிலும் நிலைமை வேறல்ல; கம்பனி என்பதும் நம் மொழியில் அஃறிணைதானே.

உயர்திணையில் ஓர் எழுவாய் வேண்டும் என்ற ஏக்கம் மக்களிடம் எவ்வளவு ஆழமாக இருந்தது என்பதற்கு ஒரு வேடிக்கையான சான்று உண்டு. வீழ்ச்சி நிகழ்ந்த அன்றே பெல்ஜிய நாட்டு அங்கத எழுத்தாளர் ஒருவர், தாம் அக்கம்பனியில் அன்றுதான் வேலைக்குச் சேர்ந்ததாகவும், சின்னஞ்சிறு கோப்பொன்றை அனுப்பிவிட்டுப் பிற்பகல் ஓய்வெடுத்ததாகவும் ஒட்டுவேலை செய்த படத்துடன் எழுதினார். பின்னர் தம்மை வேலையிலிருந்து நீக்கிவிட்டார்கள் என்றும் எழுதினார். உலகெங்கும் பெருந்தொகையானோர் அதைப் பார்த்தனர், நம்பியோரும் பலர். ஏன் நம்பினர்? பிழை என்றதும் கடைநிலை ஊழியன் ஒருவனின் முகத்தைத் தேடும் பழக்கம் நமக்கு ஊட்டப்பட்டிருக்கிறது. ஊட்டுவோர் யாரென்பதும் மறைவானதல்ல. 2021 பெப்ரவரியில், சோலார்விண்ட்ஸ் கம்பனியின் பலவீனமான கடவுச்சொல் ஒன்று வெளியே கசிந்தமை பற்றி அமெரிக்கக் காங்கிரசில் வினவப்பட்டபோது, அதன் முன்னாள் தலைவர் அது ஒரு பயிற்சி ஊழியரின் தவறு என்று சாட்சியமளித்தார். பெல்ஜிய எழுத்தாளர் கேலியாகச் சொன்னதை இவர் சாட்சிக் கூண்டிலிருந்து சொன்னார்.

இனி மைக்ரோசொப்டின் விடையைப் பார்ப்போம். பிறருடைய மென்பொருளை மையப் பகுதிக்குள் ஏன் அனுமதித்தீர்கள் என்று கேட்டபோது, 2009இல் ஐரோப்பிய ஆணைக்குழுவுடன் செய்துகொண்ட உடன்பாட்டினால் தமது கைகள் கட்டப்பட்டிருந்தன என்று அக்கம்பனியின் பேச்சாளர் பத்திரிகைக்குக் கூறினார். அவ்வுடன்பாடு எதற்காக வந்தது? தனது காவல் மென்பொருளுக்குக் கொடுக்கும் வாசல்களைப் போட்டியாளருக்கும் கொடுக்கவேண்டும் என்பதற்காக வந்தது. தன்னுடையதையும் வெளியே வைத்துப் பிறருடையதையும் வெளியே வைக்க அது தடையன்று. பாதுகாப்புப் பற்றி இக்கம்பனி தம்மிடம் ஒருபோதும் முறையிட்டதில்லை என்று ஆணைக்குழு பதிலளித்தது. ஏகபோகத்தைக் கட்டுப்படுத்திய சட்டமே விபத்துக்குக் காரணம் என்ற இவ்வாதத்தை நாம் மேலும் ஆராய வேண்டியதில்லை.

டெல்டா விமானக் கம்பனியின் கதைதான் பொருள் நிறைந்தது. ஐந்து நாட்களில் ஏறக்குறைய 7,000 பறப்புக்களை அது இரத்துச் செய்தது. 50 கோடி டொலர் நட்டமென்றது. அமெரிக்கன், யுனைட்டட் ஆகிய கம்பனிகள் அதே கோப்பினால் விழுந்து விரைவில் எழுந்துவிட்டன. உங்களுடைய கணினி அமைப்பு பழையது, அதைப் புதுப்பிக்கவில்லை என்று மைக்ரோசொப்டின் சட்டத்தரணி டெல்டாவுக்கு எழுதினார். கிரவுட்ஸ்ட்ரைக்கின் சட்டத்தரணியோ, ஒப்பந்தப்படி தமது கட்சிக்காரரின் பொறுப்பு ஒற்றை இலக்க மில்லியன் டொலர்களுக்கு மேற்படாது என்று நினைவூட்டினார். இக்கடிதங்களைச் சேர்த்து வாசித்தால் ஓர் உண்மை துலங்கும். விபத்து நிகழ்வதற்கு நெடுங்காலம் முன்பே, விபத்து நிகழ்ந்தால் யார் எவ்வளவு கொடுப்பது என்பதை இவர்கள் பேசி முடித்திருந்தார்கள். பழியின் விலை கையெழுத்தாகியிருந்தது. மறைவாயிருந்தது 21ஆம் கட்டம் மட்டுமே.

அந்த ஒப்பந்தத்தில் கையெழுத்திடாத பிரயாணிக்கு நேர்ந்தது என்ன? 2024 ஒக்டோபரில் டெல்டா தொடுத்த வழக்கின் பெரும்பகுதியைத் தொடர்ந்து நடத்தலாம் என்று ஜோர்ஜியா மாநில நீதிமன்றம் 2025 மே மாதத்தில் அனுமதித்தது. அடுத்த மாதம், விமானங்கள் இரத்தானதால் நட்டப்பட்ட பிரயாணிகள் கிரவுட்ஸ்ட்ரைக் மீது தொடுத்த வழக்கை ஒஸ்டின் நகரச் சமஷ்டி நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. விமானச் சேவைகளைக் கட்டுப்பாட்டிலிருந்து விடுவித்த 1978ஆம் ஆண்டுச் சட்டம் அதற்குக் குறுக்கே நின்றது. கம்பனி கம்பனியை வழக்குக்கு இழுக்க வழி திறந்திருந்தது. விமான நிலையத் தரையிற் படுத்தவனுக்கு அந்த நீதிமன்றக் கதவு மூடப்பட்டது.

எமது தரப்பிலிருந்து வந்த விடையையும் நாம் தப்பவிடலாகாது. ‘முதலாளித்துவ அமைப்பே குற்றவாளி’ என்று முற்போக்கு நண்பர்கள் பலர் எழுதினர். பொய்யென்று நாம் சொல்லமாட்டோம். ஒரு சில கம்பனிகளின் கையில் இத்தனை வைத்தியசாலைகளும் விமான நிலையங்களும் அடங்கியிருப்பது தற்செயலன்று. ஆனால் இந்த வாக்கியத்தின் எழுவாயையும் பாருங்கள்: அமைப்பு. இதுவும் அஃறிணை. எல்லாவற்றுக்கும் அமைப்பே காரணம் என்று எழுதிவிட்டுப் பேனாவை மூடுபவர், கம்பனியின் அறிக்கையாளர் செய்ததையே வேறு சொற்களிற் செய்கிறார். அமைப்பு என்பது ஆகாயத்திலிருந்து இயங்குவதன்று. பெயருள்ள மனிதர், திகதியிட்ட கூட்டங்களில், இன்னது செய்வோம், இன்னது செய்யோம் என்று தீர்மானிப்பதாலேயே அது இயங்குகிறது. இந்த விடயத்தில் அத்தகைய தீர்மானம் எது?

கம்பனியின் அறிக்கைகளுக்குள்ளேயே அது கிடக்கிறது. ஃபால்கன் மென்பொருளின் புதிய பதிப்புக்களைப் படிப்படியாக வெளியிடும் வழக்கம் கம்பனியில் இருந்தது. வாங்குவோர் ஒன்றிரண்டு பதிப்புக்கள் பின்தங்கி நிற்கவும் உரிமை இருந்தது. ஆனால் நாள்தோறும் செல்லும் சிறு கோப்புக்களுக்கு இந்த ஒழுங்கு இருக்கவில்லை. அவை எல்லாக் கணினிகளுக்கும் ஒரே வீச்சில் அனுப்பப்பட்டன. வாங்கியவர் மறுக்கவோ தாமதிக்கவோ வழி வைக்கப்படவில்லை. பகைவன் விரைகிறான், நாமும் விரையவேண்டும் என்பது இதற்குக் கூறப்படும் நியாயம். அந்த நியாயத்தை நாம் முற்றாகத் தள்ளவில்லை. விரைவு அத்தொழிலில் தேவையே. ஆனால் முதலில் ஆயிரம் கணினிகளுக்கு அனுப்பிச் சிறிது நேரம் பார்த்திருந்தால் அந்த ஆயிரத்தோடு விபத்து முடிந்திருக்கும். 21ஆம் கட்டத்தைக் கவனியாது விட்டவர் ஒரு பொறியியலாளராக இருக்கலாம். மனிதர் கவனக்குறைவாக இருப்பர் என்பதை அறிந்தும் எல்லோருக்கும் ஒரே வீச்சில் அனுப்பு என்ற ஒழுங்கை அனுமதித்தவர் பொறியியலாளரல்லர். விபத்துக்குப் பின் கம்பனி செய்த திருத்தங்களில் முக்கியமானது படிப்படியாக அனுப்பும் முறையே என்பதால், அம்முறை முன்னரே இயலக்கூடியதாயிருந்தது என்பதற்கு வேறு சாட்சி வேண்டியதில்லை.

அக்கம்பனியின் தலைவர் ஜோர்ஜ் கேர்ட்ஸுக்கு இது புதிய பாடமுமன்று. 2010 ஏப்ரல் 21ஆம் திகதி, மெக்காஃபி என்னும் காவல் மென்பொருட் கம்பனி அனுப்பிய ஒரு கோப்பு, விண்டோஸ் எக்ஸ்பியின் இன்றியமையாத பகுதியொன்றைக் கிருமியென எண்ணி நீக்கியது. கணினிகள் மீண்டும் மீண்டும் அணைந்து எழுந்துகொண்டிருந்தன. அந்நாளில் அக்கம்பனியின் தொழில்நுட்பப் பிரதம அதிகாரியாக இருந்தவர் இவரே. 2024இல் அமெரிக்கக் காங்கிரசின் குழு விளக்கமளிக்குமாறு இவரையே அழைத்தது. செப்டெம்பர் 24ஆம் திகதி வந்து மன்னிப்புக் கோரியவர் மூத்த உபதலைவர்களுள் ஒருவர்.

பழியைப் பற்றிப் பேசுவோர் பெரும்பாலும் பேசாது விட்டது பழுதைத் தீர்த்தவர்களைப் பற்றியாகும். தொலைவிலிருந்து திருத்த இயலாத கணினிகளை மனிதர் ஒவ்வொன்றாகச் சென்று, பாதுகாப்பு நிலையில் இயக்கி, 291ஆம் கோப்பைத் தேடி அழித்தனர். வட்டு மறைக்குறியிடப்பட்ட கணினிகளுக்கு 48 இலக்கங்கொண்ட மீட்புத் திறவெண்ணைக் கையால் அடிக்க வேண்டியிருந்தது. கணினி மேசைக்கு மேசை, மாடிக்கு மாடி, வார இறுதி முழுவதும் இவ்வேலை நடந்தது. விழுந்தவற்றுள் 97 வீதம் ஒரு வாரத்துக்குள் எழுந்துவிட்டன என்று கம்பனி அறிவித்தபோது அவ்வாக்கியத்திலும் இவர்கள் இல்லை. கணினிகள் தாமே எழுந்தன போலும்! தங்களுடன் நின்று உழைத்த பங்காளிக் கம்பனிகளின் ஊழியருக்கு நன்றியாகக் கிரவுட்ஸ்ட்ரைக் அனுப்பியது உணவு வாங்குவதற்கான 10 டொலர் பெறுமதியுள்ள சீட்டு. அதைப் பயன்படுத்த முயன்ற சிலருக்குச் சீட்டு இரத்தாகிவிட்டது என்ற செய்தியே கிடைத்தது. ஒரே வேளையிற் பலர் பயன்படுத்தியதால் உணவுக் கம்பனியின் இயந்திரம் அதை மோசடியென்று முடிவுசெய்துவிட்டதாம்.

2025 மே 7ஆம் திகதி கிரவுட்ஸ்ட்ரைக் தன் ஊழியரில் நூற்றுக்கு 5 பேரை, அதாவது ஏறக்குறைய 500 பேரை, வேலையிலிருந்து நீக்குவதாக அறிவித்தது. ஊழியருக்குத் தலைவர் எழுதிய குறிப்பில் காட்டப்பட்ட காரணங்களுள் முன்னின்றது செயற்கை நுண்ணறிவு.