‘எக்ஸ்பிரஷன்’: ஒரு சொல்லும் அதன் தமிழ்க் கூறுகளும்

ஸ்ரீபெரும்புதூரிலிருந்து ஒரகடம் வரை நீளும் தொழிற்பகுதியின் வாகன ஆலைகளில் ‘பிரஸ் ஷாப்’ எனப்படும் பிரிவில் இரும்புத் தகடு அச்சுகளுக்கிடையே அழுத்தப்பட்டுக் கதவாகவும் கூரையாகவும் உருப்பெறுகிறது. அப்பெயரிலுள்ள ‘பிரஸ்’ என்பதும், மனத்திலுள்ளதை வெளியிடுவதைக் குறிக்கும் ‘எக்ஸ்பிரஷன்’ என்னும் ஆங்கிலச் சொல்லின் உட்கூறும் ஒரே இலத்தீன் வேரிலிருந்து வந்தவை. ‘பிரெமெரே’ என்றால் அழுத்துதல்; ‘வெளியே’ எனப் பொருள்படும் ‘எக்ஸ்’ என்னும் முன்னொட்டு சேர்ந்து ‘எக்ஸ்பிரிமெரே’ ஆகும்போது பிழிந்தெடுத்தல். பழச்சாற்றைப் பிழிவதற்கு வழங்கிய இவ்வினை, மெழுகிலும் களிமண்ணிலும் உருவத்தைப் பதித்தெடுப்பதற்கும், கருத்தைச் சொல்லில் வடிப்பதற்கும் இலத்தீனிலேயே விரிந்துவிட்டது. தாய்ப்பாலைக் கையாலோ கருவியாலோ எடுப்பதை மருத்துவர்கள் இன்றும் இச்சொல்லாலேயே குறிப்பது பழம்பொருளின் எச்சமாகும். ‘எக்ஸ்பிரஸ்’ ரயிலின் கதை சற்று வேறு: தெளிவாகக் குறிக்கப்பட்டது என்னும் பொருளிலிருந்து தனி நோக்கத்துக்கென அனுப்பப்பட்ட தூதனுக்கும், பின்னர் ரயிலுக்கும் அப்பெயர் சென்றது, விரைவு என்னும் பொருள் வழியில் ஒட்டிக்கொண்டதே.

ஆங்கிலம் ஒரு சொல்லுக்குள் அடக்கியவற்றைத் தமிழ் அவை தோன்றும் இடத்தையும் வடிவத்தையும் நோக்கிப் பிரித்து வைத்திருக்கிறது. எண்களையும் மாறிகளையும் குறிகளால் கோத்தமைத்தது கணிதப் பாடநூலில் ‘கோவை’. முகத்தில் தெரிவது முகபாவம். மொழியில் நிலைத்த வழக்கு மரபுத்தொடர். உயிரியல் மட்டும் ‘மரபணு வெளிப்பாடு’ எனப் பொதுச்சொல்லோடு நின்றுவிட்டது. இவற்றோடு சேர்த்து விரிவாக நோக்கத்தக்கவை மெய்ப்பாடும் உரையும்.

மெய்ப்பாடு என்பது உள்ளத்து நிகழ்வு உடம்பின்கண் புலப்படுதல். தொல்காப்பியப் பொருளதிகாரம் அதற்கெனத் தனி இயலே வகுத்து, நகை, அழுகை, இளிவரல், மருட்கை, அச்சம், பெருமிதம், வெகுளி, உவகை என எட்டாகப் பகுக்கிறது. கவிதைக்கென வகுக்கப்பட்ட இக்கருத்துக்கு மிக நெருங்கிய விளக்கம் ஒரு நீதிமன்றத் தீர்ப்பில் காணப்படுவது வியப்புக்குரியது. அரசு ஊழியர்கள் ஆர்ப்பாட்டத்திலும் வேலைநிறுத்தத்திலும் ஈடுபடுவதைத் தடுத்த பீகார் விதியை ஆராய்ந்த காமேஷ்வர் பிரசாத் வழக்கில், 1962இல், உச்ச நீதிமன்றம் ஆர்ப்பாட்டம் என்பது தனிமனிதரின் அல்லது குழுவின் உணர்வு கண்ணுக்குப் புலனாகும் வடிவம் என்றும், ஆகவே அரசமைப்பின் 19(1)(அ) பிரிவு காக்கும் பேச்சு, கருத்து வெளிப்பாட்டு உரிமைக்குள் அடங்கக்கூடும் என்றும் கூறியது; வேலைநிறுத்தத்தை அவ்வுரிமையில் சேர்க்க மறுத்தது. இப்பிரிகோடு ஏட்டளவில் தெளிவானது, களத்தில் அத்துணைத் தெளிவாக இருப்பதில்லை. 2024 செப்டம்பர் 9 முதல் ஒரு மாதத்துக்கு மேல் சுங்குவார்சத்திரத்துச் சாம்சங் ஆலைத் தொழிலாளர்கள் ஊதியத்துக்காகவும் தங்கள் சங்கத்தின் ஏற்புக்காகவும் வேலையை நிறுத்திப் பந்தலிட்டு அமர்ந்தபோது, உழைப்பை நிறுத்தியதும் உணர்வைப் புலப்படுத்தியதும் ஒரே செயலின் இரு பக்கங்களாகவே இருந்தன.

உரையோ வேறு தன்மையது. சொல்லுதலும், பிறர் சொன்னதற்குப் பொருள் விரித்தலும் இவ்வொரு சொல்லில் அடங்கும். (பொன்னைக் கல்லில் உரைப்பதையும் இதனோடு இணைத்து அழகிய விளக்கங்கள் தருவோர் உண்டு, ஒலி ஒத்திருப்பது ஒன்றே வேர் ஒன்றென்பதற்குச் சான்றாகாது.) நன்னூல் உரையைச் சுருக்கமான காண்டிகை என்றும் விரிவான விருத்தி என்றும் இரண்டாக வகுக்கிறது. வடமொழியில் சூத்திரங்களுக்கு எழுந்த விரிவுரை பாஷ்யம் எனப்படும். மரபுப்படி 1017இல் ஸ்ரீபெரும்புதூரில் பிறந்த இராமாநுசர் பிரம்ம சூத்திரத்துக்கு இயற்றிய உரை ஸ்ரீபாஷ்யம். அதனாலேயே ‘பாஷ்யகாரர்’ என்பது அவரது பெயராயிற்று. உரை எழுதியவர் என்னும் பெயரோடு ஒருவர் பிறந்த ஊரில் வழிபடப்படுவது எளிதில் காணக்கூடியதன்று.

இராமாநுசரின் நூல்களாக வைணவ மரபு எண்ணும் ஒன்பதும் வடமொழியில் அமைந்தவை. திருவாய்மொழிக்கு முதல் உரையான ஆறாயிரப்படியை அவர் பணித்தபடி எழுதியவர் அவரது சீடர் திருக்குருகைப் பிரான் பிள்ளான்; ‘படி’ என்பது முப்பத்திரண்டு எழுத்துக் கொண்ட அளவு. பின்னர் நம்பிள்ளை திருவரங்கத்தில் வாய்மொழியாக நிகழ்த்திய விளக்கங்களை வடக்குத் திருவீதிப் பிள்ளை ஏட்டில் எழுதிவைத்ததே ஈடு முப்பத்தாறாயிரப்படி. பேச்சும் விளக்கமும் இங்கே ஒரே உரையாகின்றன. உள்ளிருந்து பிழிந்தெடுத்தல் என்னும் இலத்தீன் உருவகம் இதற்குப் பொருந்தாது. உரையாசிரியர் தருவது தம் உணர்வை அன்று, முன்னோர் சொல்லின் பொருளை.

ஆதலால் கலைச்சொல் அகராதிகளில் ‘எக்ஸ்பிரஷன்’ என்பதற்கு எதிரே ‘வெளிப்பாடு’ என்ற ஒன்றை மட்டும் இட்டுச் செல்வது போதாது. துறைதோறும் அது வேறு சொல்லை வேண்டுகிறது, அச்சொற்களோ தமிழில் முன்பே உள்ளன.