அலுங்காமல் குலுங்காமல் போடிமெட்டு வரை

ஒரு சொகுசுக் காரை ரசிக்கக் கற்றுக்கொள்ள வேண்டுமென்றால் நாற்கரச் சாலைக்குப் போகாதீர்கள். அங்கே எந்தப் புதுக் காரும் நன்றாகத்தான் ஓடும். போடிநாயக்கனூருக்கு வாருங்கள். முந்தல் சோதனைச்சாவடியைத் தாண்டி, 17 கொண்டை ஊசி வளைவுகளில் சுற்றிச் சுற்றிப் போடிமெட்டுக்கு ஏறுங்கள். கொச்சியையும் தொண்டியையும் இணைக்கும் தேசிய நெடுஞ்சாலை 85-இன் ஒரு துண்டு இது. புளிய மரத்து வெயிலில் கிளம்பிய கார் ஏறத்தாழ ஆயிரம் மீட்டர் உயர்ந்து ஏலக்காய்த் தோட்டத்துக் குளிரில் போய் நிற்கும். அந்த ஏற்றத்தில் காரின் குணம் ஒன்றுவிடாமல் வெளியே வந்துவிடும்.

வேகம் குறைவு என்பதுதான் இந்தப் பாதையின் பெரிய வசதி. கார் வேகமாகப் போகப் போகக் காற்றின் இரைச்சல் மற்ற எல்லாவற்றையும் மூடிவிடுகிறது. வேகம் இரட்டிப்பானால் அது 18 டெசிபல் வரை கூடும். வளைவுகளில் முப்பதைத் தாண்டாமல் ஏறும்போது அந்தத் திரை விலகிவிடுகிறது. எஞ்சின் திணறுவது, கியர் மாறுவது, சக்கரம் குழியில் இறங்குவது, கதவு முனகுவது எல்லாம் தனித்தனியாகக் கேட்கும்.

பின்சீட்டில் உட்காருங்கள். ஓட்டுகிறவருக்கு அடுத்து என்ன வரப்போகிறது என்று தெரியும். அவருடைய உடம்பு முன்கூட்டியே சாய்ந்து தயாராகிவிடும். பின்னால் இருப்பவருக்கு அந்த எச்சரிக்கை கிடைப்பதில்லை. அதனால் காரைப் பற்றிய உண்மையைச் சொல்லும் தகுதி அவருக்குத்தான் அதிகம். போனைப் பையில் வைத்துவிட்டு உங்கள் கழுத்தையும் வயிற்றையும் தொடையையும் கவனியுங்கள். உடம்புக்கு வேலை வைக்காத கார்தான் சொகுசுக் கார் என்பது என் கட்சி. மெத்தை, தோல், விளக்கு, திரை எல்லாம் அதற்குப் பிறகு.

விடிவதற்கு முன்பே போடியிலிருந்து தோட்டங்களுக்கு ஆள் ஏற்றிக்கொண்டு கிளம்பும் ஜீப்பில் போய் வந்தவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். காலை ஊன்றி, மேல்கம்பியைப் பிடித்து, பக்கத்தில் இருப்பவர் மேல் சாயாமல் இழுத்துப் பிடித்து, வழி முழுக்க உடம்பு உழைத்துக்கொண்டே இருக்கும். ஏலக்காய் எடுக்கச் செடிக்கடியில் குனிவதற்கு முன்பே, தோட்ட வேலைக்குப் போகும் பெண்களின் தோளும் இடுப்பும் பாதி களைத்துவிடுகின்றன. ஜீப்பின் மீது குற்றமில்லை. அது பாரம் சுமக்கப் பிறந்த வண்டி. அதன் பட்டை ஸ்பிரிங்குகள் ஒன்றன்மேல் ஒன்று உரசிக்கொண்டு வளைகின்றன. சின்னக் கல்லின் இடிக்கு அந்த உராய்வை மீறும் பலம் கிடையாது. ஸ்பிரிங் அசையாமலே இருக்க, இடி நேராக முதுகெலும்புக்கு வந்துவிடுகிறது. இரண்டு பின்சக்கரங்களும் ஒரே அச்சில் கோத்திருப்பதால் இடப்பக்கம் கல்லில் ஏறினால் வலப்பக்கமும் சேர்ந்து சாய்கிறது. சூரியநெல்லியிலிருந்து கொழுக்குமலைக்கு ஏறும் தடத்தில் இந்த ஜீப்தான் ராஜா. சொகுசுக் கார் அங்கே வயிறு தட்டி நின்றுவிடும்.

இனி, அசைவுகளைப் பிரித்துப் பார்க்கக் கற்றுக்கொள்ள வேண்டும். பாதி நீர் நிரம்பிய பாட்டிலை மடியில் வைத்துக்கொண்டால் போதும். நீரின் மேற்பரப்பு பொடிப்பொடியாக நடுங்குகிறதா, மெதுவாக ஏறி இறங்குகிறதா? இரண்டும் வேறு வேறு. மேலும் கீழுமாக விநாடிக்கு 4 முதல் 8 முறை வரும் அதிர்வுதான் உட்கார்ந்திருக்கும் மனிதருக்கு மிகவும் ஆகாதது. அந்தத் தாளத்தில் வயிற்றுக்குள் இருப்பதெல்லாம் கூடச் சேர்ந்து ஆடத் தொடங்கிவிடும். நல்ல சொகுசுக் காரின் ஸ்பிரிங்குகள் அந்த எல்லைக்குக் கீழே, விநாடிக்கு ஒருமுறை, ஒன்றேகால் முறை என்ற கணக்கில் உடற்பகுதி ஏறி இறங்கும்படி அமைந்திருக்கும். நாம் நிதானமாக நடக்கும்போது உடம்பு பழகிய தாளத்துக்குப் பக்கத்தில் வருவது அது.

ஊருக்குள் இருக்கும் வேகத்தடையிலேயே முதல் பாடம் கிடைக்கும். முன்சக்கரம் ஏறி இறங்கியதும் பின்சக்கரம் ஏறுகிறது. சாதாரண வண்டியில் இந்த இரண்டு அசைவும் ஒன்றோடொன்று சண்டை போட்டு, தலை முன்னும் பின்னுமாக இரண்டு மூன்று தடவை ஆடும். ரோல்ஸ் ராய்ஸிலிருந்து அமெரிக்காவின் கேடிலாக்குக்குப் போன மாரிஸ் ஆலி என்ற பொறியாளர் 1930-களில் இதை உட்கார்ந்து ஆராய்ந்தார். முன் ஸ்பிரிங்கைவிடப் பின் ஸ்பிரிங் கொஞ்சம் விறைப்பாக இருந்தால், தாமதமாகக் கிளம்பிய பின்பகுதி வேகமாக ஆடி முன்பகுதியை எட்டிப் பிடித்துவிடும். தலையாட்டம் அடங்கி, முழுக் காரும் சமதளமாக ஒருமுறை எழுந்து இறங்கும் என்று கண்டார். நீளமான காருக்கு இது இன்னும் எளிது. வேகத்தடையைத் தாண்டியதும் உங்கள் தலை ஒரே ஒருமுறை அசைந்து நின்றுவிட்டால், அந்தக் காரைச் செய்தவர்களை மனதாரப் பாராட்டலாம்.

சிலர் கார் எவ்வளவுக்கெவ்வளவு மெத்தென்று இருக்கிறதோ அவ்வளவுக்கவ்வளவு சொகுசு என்று நினைக்கிறார்கள். முதல் மூன்று வளைவுகளுக்குள் அந்த எண்ணம் போய்விடும். ஐந்து விநாடிக்கு ஒருமுறை என்கிற மெதுவான அசைவுதான் மனிதருக்குக் குமட்டலை அதிகமாகக் கிளப்புகிறது. இடமும் வலமுமாக வளைந்து ஏறும் மலைப்பாதை கிட்டத்தட்ட அதே தாளத்தைத்தான் கொடுக்கிறது. அதோடு ஸ்பிரிங்கும் தொளதொளவென்று சாய்ந்தால் எலுமிச்சம்பழத்தைக் கையில் வைத்து முகர்ந்தாலும் தப்ப முடியாது. ஆகவே ஒரே கார் கல்லுக்கு மென்மையாகவும் வளைவுக்கு விறைப்பாகவும் இருக்க வேண்டும். கார்ப் பொறியியலில் எனக்கு மிகவும் பிடித்த சிக்கல் இதுதான்.

இதை அவிழ்க்க எவ்வளவோ பேர் முயன்றிருக்கிறார்கள். பிரான்சின் சித்ரோயன் 1955-ல் கொண்டுவந்த டிஎஸ் கார், இரும்பு ஸ்பிரிங்குக்குப் பதிலாக எண்ணெயையும் அழுத்திய வாயுவையும் நம்பியது. இன்றைய உயர் ரக கார்களில் காற்றுப் பைகள் எடையைத் தாங்க, ஷாக் அப்சார்பர் கண நேரத்தில் தன் விறைப்பை மாற்றிக்கொள்கிறது. மெர்சிடிஸ் எஸ் கிளாஸ் 2013-ல் கேமராவால் முன்னாலிருக்கும் சாலையைப் பார்த்துச் சக்கரங்களைத் தயார்ப்படுத்தியது. அடுத்த ஆண்டு வந்த அதன் கூபே, பைக் ஓட்டுகிறவர் சாய்வதுபோல வளைவின் உட்பக்கம் சாய்ந்தது. 2020-ல் வந்த எஸ் கிளாஸில் பின்சக்கரங்களும் 10 டிகிரி வரை திரும்பும் வசதி உண்டு. மூன்று மீட்டருக்கு மேல் சக்கர இடைவெளி உள்ள கார் கொண்டை ஊசியில் அடக்கமாகத் திரும்புவதைப் பார்க்கும்போது அதன் அருமை தெரியும்.

ஆனால் இந்தக் கருவிகள் எல்லாவற்றையும் ஓட்டுநரின் வலது பாதம் கெடுத்துவிட முடியும். வளைவுக்கு முன்பே வேகத்தைக் குறைத்து, ஸ்டீயரிங்கை ஒரே சீராகத் திருப்பி, வெளியேறும்போது மெல்ல அழுத்துகிறவர் கையில் பழைய அம்பாசடர்கூட இதமாக ஏறியது. நிற்கும்போது கவனியுங்கள்: கார் நிற்பதற்குச் சற்று முன் பிரேக்கை ஒரு நூல் தளர்த்துகிறாரா? தளர்த்தினால் உங்கள் தலை பின்னால் எகிறாது. தென் மாவட்டங்களில் கல்யாணத்துக்கும் கோயிலுக்கும் மலைக்கும் இன்னோவாவையே கேட்டு வாங்குகிறார்கள். அந்தப் பெயரில் பாதி வண்டிக்கு, மீதி அதை ஓட்டிப் பழகியவர்களுக்கு.

அமைதிக்கு வருவோம். ஏழெட்டு வளைவு ஏறியதும் காது அடைக்கும். அந்த நேரத்தில் எந்தக் காரும் அமைதியாகத்தான் தோன்றும். எச்சிலை விழுங்கிக் காதைத் திறந்துகொண்டு பிறகு கேளுங்கள்.

சத்தம் இரண்டு வழியாக வருகிறது. ஒன்று காற்று வழி. இன்னொன்று இரும்பு வழி. பாதத்தைத் தரையிலும் உள்ளங்கையைக் கதவிலும் வைத்தால் இரண்டாவது வகை தெரிந்துவிடும். நான்கு சிலிண்டர் எஞ்சினில் பிஸ்டன்கள் மேலே போவதும் கீழே வருவதும் முழுதாக ஈடாவதில்லை. எஞ்சின் சுற்றும் வேகத்துக்கு இரண்டு மடங்கில் ஓர் அதிர்வு மிஞ்சும். வரிசையாக நிற்கும் ஆறு சிலிண்டரில் அந்த அதிர்வுகள் ஒன்றையொன்று அழித்துவிடுகின்றன. இரண்டாவது கியரில் ஏறும்போது இந்த வித்தியாசம் காலடியில் தெரியும். மிஞ்சியதை எண்ணெய் அடைத்த ரப்பர் தாங்கிகள் விழுங்கும். எட்டு கியர் வண்டி, ஏற்றத்தில் இரண்டுக்கும் மூன்றுக்கும் இடையே மாறி மாறித் தவித்தால் மதிப்பெண்ணைக் குறையுங்கள். மின்சாரக் காரில் இந்தத் தவிப்பே கிடையாது. ஆனால் எஞ்சின் சத்தம் இல்லாததால் டயர் உருளும் ஓசை முன்னுக்கு வந்துவிடும்.

கண்ணாடியை விரல் முட்டியால் தட்டுங்கள். ஒற்றைக் கண்ணாடி கணீரென்று ஒலிக்கும். நடுவே மென்படலம் வைத்து ஒட்டிய இரட்டைக் கண்ணாடி மந்தமாக ஒலிக்கும். 2017-ல் வந்த ரோல்ஸ் ராய்ஸ் ஃபான்டமில் 6 மில்லிமீட்டர் இரட்டைக் கண்ணாடியும் 130 கிலோவுக்கு மேல் சத்தம் தடுக்கும் பொருள்களும் இருக்கின்றன, டயருக்குள்ளேகூட நுரைப்பஞ்சு. 2020-ல் கோஸ்ட் காரைச் செய்தபோது முழு நிசப்தம் மனதைக் குழப்புகிறது என்று கண்டு, மெல்லிய ஒரே சுருதியை வேண்டுமென்றே உள்ளே விட்டுவைத்தார்கள். சரியான முடிவு. சாரல் காலத்தில் ஏறிப் பார்த்தால் ஏன் என்று விளங்கும். மலிவான கூரை மழையில் தகரமாக அதிரும். நல்ல கூரையின் கீழ் மழை பெய்வது கேட்கும், பேச்சும் தடைபடாது. பின்சீட்டில் இருப்பவர் குரலை உயர்த்தாமல் முன்சீட்டில் இருப்பவருடன் பேச முடிகிறதா என்பது டெசிபல் மீட்டரைவிட நம்பகமான அளவு.

சீட்டைப் பற்றி ஒன்றே ஒன்று: உட்கார்ந்ததும் அமுங்கும் சீட்டை நம்பாதீர்கள். தொடை முழுவதையும் தாங்கி, வளைவில் இடுப்பைப் பக்கவாட்டில் நகரவிடாத சீட்டுதான் இரண்டு மணி நேரத்துக்குப் பிறகும் நல்ல சீட்டு.

மெட்டைத் தாண்டிப் பூப்பாறைப் பக்கம் அகலமாக்கிய சாலையில் கொஞ்சம் வேகம் எடுத்துப் பாருங்கள். ஒரு தோட்டத்துப் பக்கம் நிறுத்திக் கண்ணாடியையும் இறக்குங்கள். காய் உலர்த்தும் ஸ்டோரின் வாசம் வரும் பருவமாக இருந்தால் அதைத் தடுக்கும் ஏசி அப்போது வேண்டாம். திரும்பி இறங்கும்போது பிரேக்கைக் கவனிக்க வேண்டும். நல்ல கார் தானாகவே கீழ் கியரில் நின்று வேகத்தைப் பிடித்துக்கொள்ளும். மின்சாரக் கார் மோட்டாராலேயே பிடித்து, இறக்கத்தைக் கொஞ்சம் மின்சாரமாகவும் மாற்றிக்கொள்ளும். தொட்டுத் தொட்டு பிரேக் பிடித்துக்கொண்டே இறங்கினால் கருகல் வாடையோடு கழுத்து வலியும் வரும்.

முந்தலில் இறங்கி நின்று உங்களையே கேளுங்கள். தலை சுற்றுகிறதா? கழுத்து பிடித்திருக்கிறதா? கூட வந்த குழந்தையும் பாட்டியும் என்ன சொல்கிறார்கள்? எல்லோருக்கும் பசிக்கிறது என்றால் அந்தக் காரை வாங்குவதைப் பற்றி யோசிக்கலாம்.