நான்கு எழுத்து, மூன்று நாடு

உப்பளத்தில் எங்கள் தெருக்கோடி வீட்டுப் பாட்டி போன மாதம் ஒரு பழைய வெற்றிலைப் பெட்டியைக் கொண்டுவந்து என் மேசையில் கவிழ்த்தார். பதினொரு காசு. எல்லாவற்றிலும் நடுவில் சதுர ஓட்டை.

"பேரன் ஃபோட்டோ புடிச்சு எங்கயோ அனுப்பிச்சான் தம்பி. இதுல ஒண்ணு சோழர் காலத்துதாம். நெசமா?"

அந்த ஒரு காசில் இருந்த நான்கு எழுத்தையும் மேலிருந்து வலப்பக்கமாகச் சுற்றிப் படித்தால் 'யுவான்ஃபெங் தொங்பாவ்'. யுவான்ஃபெங் என்பது சீனத்துச் சோங் அரசின் ஓர் ஆண்டுப்பெயர். 1078 முதல் 1085 வரை. அதற்குச் சற்று முன், 1077இல், சோழர் தூதுக்குழு ஒன்று சோங் அவைக்குப் போனது. பதில் பரிசாக 81,800 சரம் செப்புக் காசு கொடுத்ததாகச் சீன வரலாறு சொல்கிறது. பட்டுக்கோட்டை, மன்னார்குடிப் பக்கம் மண்ணுக்குள்ளிருந்து சீனக் காசுப் புதையல்கள் கிடைத்ததும் உண்மை. ஆக, பேரனுக்குப் பதில் போட்டவர் எதையும் கற்பனை செய்யவில்லை. ஆனாலும் அவர் சொன்னது தப்பு என்றுதான் நினைக்கிறேன். அந்தத் தப்பு எப்படி நடக்கிறது என்பதுதான் இந்தக் குறிப்பு.

இந்தக் காசுகளை அடையாளம் காண எல்லோரும் கை வைக்கும் புத்தகம் டேவிட் ஹார்ட்டில் எழுதிய 'காஸ்ட் சைனீஸ் காயின்ஸ்' (2005). நல்ல புத்தகம். சீன எழுத்து தெரியாத நம்மைப் போன்றவர்கள்கூட வடிவத்தை ஒப்பிட்டே காசின் பெயரைக் கண்டுபிடித்துவிடலாம். வியட்நாமுக்கு ஆலன் பார்க்கரின் 2004ஆம் ஆண்டுப் புத்தகம் தனி. ஜப்பானுக்கு ஹார்ட்டிலே 2011இல் எழுதியது தனி.

என் குறை இந்தப் பிரிவினைமேல்தான். புத்தகம் நாடு நாடாகப் பிரிந்து கிடக்கிறது; காசு அப்படிப் பிரிந்து கிடக்கவில்லை. அதே நான்கு எழுத்தோடு வியட்நாமில் ட்ரான் வம்சத்து அரசர் ஒருவருக்கு 1251–1258இல் ஓர் ஆண்டுப்பெயர் உண்டு. அந்தப் பெயரிலும் காசு வார்த்திருக்கிறார்கள். அது போதாதென்று ஜப்பானில் நாகசாகியில் 1659 முதல் 1685 வரை அதே எழுத்துகளைப் போட்டு ஏற்றுமதிக்கென்றே காசு வார்த்தார்கள். அதில் பெரும்பங்கு போன இடம் வியட்நாம். சீனப் புத்தகத்தை மட்டும் திறந்தவருக்கு மூன்று விடையில் ஒன்றுதான் கண்ணில் படும். கிடைத்த விடை நமக்குப் பிடித்ததாகவும் இருந்துவிட்டால் அடுத்த புத்தகத்தை யார் தேடப் போகிறார்கள்?

சரி, எப்படிப் பிரிப்பது? முதலில் எழுத்தின் பாணி. சோங் காலத்து யுவான்ஃபெங் காசுகளில் பெரும்பாலும் பழைய முத்திரை எழுத்து, இல்லையென்றால் கோடுகள் இழுத்துச் சேர்த்த ஓட்ட எழுத்து. அச்சுப்போலக் கோடு கோடாகத் தனித்து நிற்கும் எழுத்து இருந்தால் நாகசாகியைச் சந்தேகிக்க வேண்டும். பாட்டியின் காசில் இருப்பது அதுதான்.

இரண்டாவது, கூட்டாளிகள். பல காசுகள் ஒன்றாகக் கிடைத்தால், அவற்றில் கடைசியாகப் பிறந்த காசுதான் அந்தக் கூட்டத்துக்குத் தேதி சொல்லும். மற்ற பத்தையும் பார்த்தேன். மின் மாங் (1820–1841), து துக் (1848–1883) ஆகிய வியட்நாம் அரசர்களின் காசுகள்தான் அதிகம். ஒன்று மட்டும் துத்தநாகம். ஒரு பக்கம் சீன எழுத்து, மறுபக்கம் பிரெஞ்சில் 'டோங்கின் பாதுகாப்புப் பகுதி, 1905'. பியாஸ்தர் நாணயத்தில் அறுநூறில் ஒரு பங்கு.

மூன்றாவது கேள்வியைத்தான் யாருமே கேட்கவில்லை: "பாட்டி, இது யார்கிட்ட இருந்தது?"

"எங்க மாமனாரோட அப்பா சைகோன்ல சொல்தா. அவரோட டிரங்குப் பொட்டியில கெடந்துது."

புதுச்சேரியில் இது அபூர்வக் கதை இல்லை. 1881 ஆணைக்குப் பிறகு சொந்தச் சட்டத்தைத் துறந்து பிரெஞ்சுச் சட்டத்துக்குள் வந்தவர்கள் பலர் கொச்சின்சீனாவில் உத்தியோகம் பார்த்தார்கள். பட்டாளத்தில், போலீசில், கணக்கு ஆபீசில். அந்த வாழ்க்கையின் சில்லறைதான் இந்தப் பெட்டி. இதற்குச் 'சோழர் காலம்' என்று சீட்டு ஒட்டினால் இல்லாத ஒரு சோழச் சான்று கூடும். இருந்த ஒரு சைகோன் சான்று அழியும். முதல் நஷ்டத்தைப் பின்னால் வருகிறவர் திருத்திக்கொள்ளலாம். இரண்டாவதைத் திருத்த முடியாது. பாட்டிக்குப் பிறகு அந்தப் பதிலைச் சொல்ல ஆள் இல்லை.

இதைக் குறை சொல்ல எனக்கும் தகுதி குறைவுதான். நானும் முதலில் திறந்தது சீனப் புத்தகத்தைத்தான்.

"அப்போ சோழர் இல்லையா?" என்றார். முகம் கொஞ்சம் வாடித்தான் போனது.

"இல்ல பாட்டி. உங்க மாமனாரோட அப்பா."

"அவரும் ராஜா மாதிரிதான் இருந்தாராம், போ."

உங்கள் வீட்டிலும் ஓட்டைக்காசு இருந்தால் புளி போட்டுத் தேய்க்காதீர்கள். பாசியும் ஒரு சாட்சி. ஒன்றாகக் கிடந்ததைப் பிரித்து விற்காதீர்கள். புத்தகத்தைத் திறக்கும் முன் ஒரு கவரில் எழுதி வையுங்கள்: யாருடைய பெட்டி, எந்த ஊரிலிருந்து வந்தது, உங்களுக்குச் சொன்னவர் யார்.