நூறு விழுக்காடு என்னும் 0.031 வோல்ட்

கெடாவில் விளையாட்டுக்கென்று கணினி கட்டும் நம் பிள்ளைகள் பலருக்கு முதல் கிராபிக்ஸ் கார்டு பழையதாகத்தான் வந்து சேர்கிறது. புதியது வாங்க வெள்ளி போதாது. இருப்பதையே இன்னும் கொஞ்சம் விரட்டிப் பார்ப்போம் என்று ஓவர்கிளாக் செய்கிறார்கள். இந்தப் பழக்கத்தை நான் மதிக்கிறேன். கடையில் வாங்கிய பெட்டியை அப்படியே நம்பாமல், உள்ளே என்ன நடக்கிறது என்று பார்க்கத் துணிகிற கை அது. ஆனால் அதில் வோல்ட்டேஜைக் கூட்டுகிற வேலையை மட்டும் நம்மூர் வெயிலில் யாருக்கும் பரிந்துரைக்க மாட்டேன்.

2016இல் என்விடியா நிறுவனம் வெளியிட்ட ஜிடிஎக்ஸ் 1060-ஐ எடுத்துக்கொள்வோம். எம்எஸ்ஐ ஆஃப்டர்பர்னர் மென்பொருளில் கோர் வோல்ட்டேஜ் பட்டையை நூறு வரை இழுக்கலாம். நூறு விழுக்காடு என்றதும் ஏதோ இருமடங்கு என்று தோன்றும். உண்மையில் 1.062 வோல்ட் 1.093 ஆகிறது, அவ்வளவுதான். அதற்கு மேல் என்விடியா பூட்டு போட்டிருக்கிறது. சில்லு இழுக்கும் மின்திறன் வோல்ட்டின் வர்க்கத்தோடு ஏறும். ஆகவே இந்த 0.031 வோல்ட்டுக்கே ஏறத்தாழ ஆறு விழுக்காடு கூடுகிறது. கூட்டிய வேகத்துக்கான மின்திறன் தனிக் கணக்கு. கிடைக்கும் வேகமோ பெரும்பாலும் இரண்டு விழுக்காட்டை ஒட்டியே நிற்கும். அப்போது ஜிபியூ-இசட் மென்பொருளைத் திறந்தால், வேகம் ஏன் நின்றது என்று காட்டும் இடத்தில் ‘விரெல்’ என்று வரக்கூடும். சில்லின் ஆயுளைக் கருதி வைத்த வோல்ட்டேஜ் எல்லையைத் தொட்டுவிட்டோம் என்று பொருள்.

அந்த எல்லை கஞ்சத்தனத்தால் வந்ததல்ல. சில்லுக்குள் ஓடும் மெல்லிய உலோகத் தடங்களில், மின்னோட்டத்தின் அடர்த்தியும் வெப்பமும் கூடக் கூட, அணுக்களே மெல்ல இடம்பெயர்ந்து தடம் அறுந்துபோகும். வெப்பம் இந்தத் தேய்மானத்தை எப்படி விரைவுபடுத்துகிறது என்பதற்கு ஜேம்ஸ் பிளாக் 1969இலேயே சமன்பாடு தந்துவிட்டார். நம் கெடாவிலேயே, கூலிம் ஹைடெக் பார்க்கில் 2006 முதல் இன்ஃபினியான் மின்திறன் சில்லுகளைச் செய்கிறது. 2024 ஆகஸ்டில் சிலிக்கன் கார்பைடு ஆலையின் முதல் கட்டத்தையும் திறந்தது. இந்தத் தொழிலில் இருப்பவர்களுக்கு ‘பர்ன்-இன்’ புதிதல்ல. சில்லை வேண்டுமென்றே அதிக வெப்பத்திலும் அதிக வோல்ட்டிலும் ஓட்டி, நீண்ட காலத் தேய்மானத்தைக் குறுகிய நேரத்தில் வரவழைக்கும் சோதனை அது. வீட்டில் வோல்ட்டேஜை ஏற்றி மாதக்கணக்கில் விளையாடுகிறவர் கிட்டத்தட்ட அதே சோதனையைத்தான் தம் சொந்தக் கார்டில் நடத்துகிறார்.

தோட்டத்தில் வளர்ந்த பெரியவர்களுக்கு இது எளிதில் புரியும். பால்மரத்துக்கு எத்திஃபோன் மருந்து பூசினால் பால் கூடுதலாக இறங்கும். மருந்து பூசிய மரத்தை வெட்டும் நாள்களுக்கிடையே ஓய்வு தர வேண்டும். தராமல் வெட்டினால் பட்டை வறண்டு பால் நின்றுவிடும். கிராபிக்ஸ் கார்டுக்கு அந்த ஓய்வு குளிர்ச்சிதான், கெடாவில் கிடைக்காததும் அதுதான். பக்கத்துப் பெர்லிஸின் சுப்பிங்கில் 1998 ஏப்ரலில் 40.1 டிகிரி பதிவானது. அதுவே மலேசியாவின் உச்சம். ஏர்கோன் இல்லாத தகரக் கூரை அறையில் சில்லு சூடேற ஏற, கார்டு தானாகவே வேகத்தைப் படிப்படியாக இறக்கும். ஆக, வோல்ட்டேஜைக் கூட்டி வாங்கிய இரண்டு விழுக்காட்டை அரைமணி நேரத்தில் வெப்பம் திருப்பி எடுத்துக்கொள்கிறது.

என்விடியா மீதும் எனக்குக் குறை உண்டு. 2012இல் ஜிடிஎக்ஸ் 680 கிளாசிஃபைட் கார்டில் அதைத் தயாரித்த ஈவிஜிஏ வைத்திருந்த, வெளியிலிருந்து வோல்ட்டேஜை மாற்றும் வசதி, என்விடியாவின் கட்டுப்பாட்டால் நீக்கப்பட்டது. அனுபவசாலிகளுக்கென்றே செய்த கார்டு அது. எந்த வோல்ட்டில் எத்தனை ஆண்டு தாங்கும் என்ற கணக்கை வெளியிடாமல் பூட்டை மட்டும் போட்டால், பூட்டை உடைப்பதே சிலருக்கு வீரமாகிவிடுகிறது.

அதே ஆஃப்டர்பர்னரில் வோல்ட்டேஜ்-வேக வளைகோடு இருக்கிறது. இந்தப் பழக்கத்தின் சிறந்த பகுதி அதுதான் என்பேன். 1.05 வோல்ட்டில் ஓடும் வேகத்தை 0.95-இல் நிலைநிறுத்திவிட்டால் சில்லின் மின்திறன் 18 விழுக்காடு அளவுக்குக் குறையும். எல்லாச் சில்லும் இதற்கு ஒத்துவராது. ஒன்று பிடிக்கும், இன்னொன்று விளையாட்டின் நடுவில் உறைந்துபோகும். பத்து பத்து மில்லிவோல்ட்டாகக் குறைத்து, ஒவ்வொரு படியிலும் நீண்ட நேரம் ஓட்டிப் பார்க்க வேண்டும். பொறுமை கேட்கும் வேலைதான். ஆனால் விசிறி இரைச்சல் அடங்கும், சூட்டில் வேகம் சரிவதும் குறையும். நினைவகத்தைக் கூட்டும்போதும் எச்சரிக்கை வேண்டும்: பிந்தைய கார்டுகள் சிலவற்றில் உள்ள ஜிடிடிஆர்6எக்ஸ் நினைவகம் பிழைகளைத் தானே கண்டுபிடித்து, தரவை மீண்டும் அனுப்பும். நினைவக வேகத்தின் எண் ஏறிக்கொண்டே போகும், கார்டு நிற்காது, ஆட்டம் மட்டும் மந்தமாகும். எண்ணை மட்டும் பார்ப்பவர் இதில் ஏமாந்துபோவார்.

எனக்கு மிகவும் உறுத்துவது, வோல்ட்டேஜை ஏற்றி வரவழைத்த தேய்மானத்தின் சுமை கடைசியில் யார் தலையில் விழுகிறது என்பது. சிலர் மின்னோட்டத்தை அளக்கும் தடையின்மேல் இன்னொரு தடையைப் பற்றவைத்து, இழுக்கும் மின்திறனைக் கார்டு குறைவாகக் கணக்கிடும்படி செய்கிறார்கள். சிலர் கார்டின் எல்லைகளை வைத்திருக்கும் பயாஸ் நிரலையே மாற்றி ஏற்றுகிறார்கள். பிறகு ஒன்றும் சொல்லாமல் விற்றுவிடுகிறார்கள். 2022 செப்டம்பரில் எத்தீரியம் மின்னாணயச் சுரங்கம் முடிவுக்கு வந்தபின் சந்தைக்கு வந்த கார்டுகளை எல்லாரும் சந்தேகத்தோடு பார்த்தார்கள். ஆனால் மின்கட்டணத்துக்குப் பயந்த சுரங்கக்காரர்களில் பலர் வோல்ட்டேஜைக் குறைத்தே ஓட்டியவர்கள். எல்லை மீறி ஓட்டிய விளையாட்டுக் கார்டோ மேல்பூச்சுக் கலையாமல் வரும். பாடாங் செராயில் முதல் சம்பளத்தில் அதை வாங்குகிற பையனுக்கு அதன் கதை தெரியாது. விற்பவர் பயாஸையும் வோல்ட்டேஜையும் தொட்டாரா என்பதை விலை பேசும் முன்பே சொல்லியாக வேண்டும். சொல்ல மறுத்தால் வாங்க வேண்டாம்.