சுமையும் பசியும்: 'வாழை' திரைப்படம் குறித்துச் சில எண்ணங்கள்

தலைநகர்த் தமிழ்க் குடும்பங்களுக்கு ஐ.என்.ஏ. மார்க்கெட்டை அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. பண்டிகைக்கு வாழையிலை வேண்டுமா, வாழைப்பூவும் தண்டும் வேண்டுமா, கால்கள் தாமே அங்கு நடக்கும். இலைக்குப் பேரம் பேசத் தெரிந்த நமக்கு, தோட்டத்துச் சேற்றிலிருந்து தாரைக் கரையேற்றிய தலை எவருடையது என்று கேட்கத் தோன்றியதில்லை. 2024 ஆகஸ்டில் வெளிவந்த மாரி செல்வராஜின் 'வாழை' அத்தலையைக் காட்டுகிறது. தூத்துக்குடி மாவட்டத்துப் புளியங்குளத்தில் கழிந்த தம் இளமையையே அவர் கதையாக்கியுள்ளார்.

தந்தையை இழந்த சிறுவன் சிவனணைந்தான். வாரநாட்களில் பள்ளி, விடுமுறையிலோ தாயுடனும் தமக்கை வேம்புவுடனும் காய் சுமக்க வேண்டும். அவனுக்கு அது வேப்பங்காய். காலில் முள் தைத்தது என்று பொய் சொல்லியாவது தப்பப் பார்க்கிறான். தாயோ விடுவதாயில்லை. அவளை ஈவிரக்கமற்றவள் என்று கருதும்படியே முற்பகுதி செல்கிறது. வறுமைத் தாயைத் தெய்வமாக்கித் தொழுவது நம் திரையுலகின் பழைய வழக்கம். இவர் அவ்வழி செல்லாதது பெரிய ஆறுதல்.

கூலியை உயர்த்தித் தருமாறு தொழிலாளர் கேட்டுப் பெறுகின்றனர். தார்களின் மேலமர்ந்து அவர்கள் திரும்பும் லாரி இரவில் கவிழ்கிறது. தமக்கை அன்று தம்பியைச் சுமையிலிருந்து விடுவித்து, நடன ஒத்திகைக்காகப் பள்ளிக்கு அனுப்பியிருந்தாள். அதனால் அவன் உயிர் பிழைத்தான், அவள் பிழைக்கவில்லை.

பிரெஞ்சு இயக்குநர் த்ரூஃபோ 1959இல் தம் இளமையைப் படமாக்கியபோது, அவருடைய சிறுவன் சீர்திருத்தப் பள்ளியிலிருந்து தப்பிக் கடலை நோக்கி ஓடினான். சிவனணைந்தான் ஓடுவது வீட்டை நோக்கி, சோற்றை நோக்கி. ஊரே பிணங்களைச் சுற்றி அலறும்போது அவன் பானையில் கைவிட்டு உண்கிறான். தாய் அதைக் கண்டு அடிக்கிறாள். தன்வரலாறு எழுதுவோர் பெரும்பாலும் தம்மைக் குற்றத்திலிருந்து விடுவித்துக்கொள்ளவே முயல்வர். இக்காட்சியில் அம்முயற்சி இல்லை. தமக்கை இறந்த வேளையில் தனக்குப் பசித்தது என்ற உண்மையை மறைக்காமல் வைத்ததே படத்தின் உயர்ந்த இடம் என்பது என் கருத்து.

குறைகளும் உண்டு. ஆசிரியை பூங்கொடியின்பால் சிறுவன் கொள்ளும் ஈர்ப்பு இனிமையானதே. ஆனால் அளவுக்கு மீறி நீள்கிறது. இறுதியில் இசை சற்று அடங்கியிருப்பின் அழுகையொலியே போதுமானதாக இருந்திருக்கும். படம் வெளிவந்தபின், எழுத்தாளர் சோ. தர்மன் தமது 'வாழையடி' சிறுகதையும் இவ்வாழ்வையே பேசுவதாகக் கூறினார். இரண்டையும் அடுத்தடுத்துக் காண்பது இலக்கிய அன்பர்களுக்குப் பயன் தரும்.

தில்லியில் பிறந்த நம் பிள்ளைகளுக்கு நெல்லைப் பேச்சு எளிதில் பிடிபடாது. உடனமர்ந்து பார்க்கும் பெற்றோர், தார் எது, சும்மாடு எதற்கு என்று இடையிடையே சொல்ல வேண்டியிருக்கும்.