அவரும் அவளும்

லூவர் அருங்காட்சியகத்துக்குக் காலை ஒன்பதரை மணி நுழைவுச்சீட்டை இணையத்தில் என் பெயர் கொடுத்து முன்பதிவு செய்திருந்தேன். உள்ளே போனதும் கூட்டம் மோனாலிசாவை நோக்கி விரைந்தது. எப்போது பார்ப்பது என்பதைச் சீட்டு முடிவு செய்கிறது. எதைப் பார்ப்பது என்பதைப் புகழ் முடிவு செய்கிறது. நான் தேடிப்போனது மரி கியெமின் பெனுவா 1800இல் காட்சிக்கு வைத்த ஓர் ஓவியத்தை.

வெள்ளைத் தலைத்துணி, சரிந்த மேலாடை, திறந்த ஒரு மார்பு. கறுப்பினப் பெண்ணொருத்தி நம்மை நேராகப் பார்க்கிறாள். 'ஒரு நீக்ரோப் பெண்ணின் உருவப்படம்' என்பதே அன்றைய தலைப்பு. பெனுவாவின் கணவருடைய சகோதரர் குவாதலூப்பிலிருந்து அழைத்துவந்த பணிப்பெண் அவள்.

பிரான்சு 1794இல் அடிமைமுறையை ஒழித்தது. 1802இல் நெப்போலியன் மீண்டும் கொண்டுவந்தார். இடைப்பட்ட காலத்துப் படம் என்பதால் இதை விடுதலையின் சின்னமாக வாசிப்பவர்கள் உண்டு. வரைந்தவர் பெண் என்பதால் நாமும் மகிழ்ந்துபோகிறோம். தன் வர்க்கத்துப் பெண்ணிடம் பெனுவா இப்படி உட்காரச் சொல்லியிருப்பாரா? மாட்டேன் என்று சொல்ல இவளுக்கு இடமிருந்ததா?

பெனுவாவும் தப்பவில்லை. 1814இல் கணவருக்கு அரசுப் பதவி கிடைத்ததும் அவர் படங்களைக் காட்சிக்கு வைப்பதை நிறுத்த வேண்டியதாயிற்று. ஆனாலும் அவருடைய கையொப்பம் படத்தில் இருக்கிறது. அவளோ, மதலேன் என்ற சொந்தப் பெயரில் தலைப்பேற 2019இல் ஓர்சே அருங்காட்சியகம் நடத்திய கண்காட்சிவரை காத்திருந்தாள்.

எழுதியதைத் திரும்பப் படிக்கிறேன். பெனுவா 'அவர்', மதலேன் 'அவள்'. யாரும் சொல்லாமலே என் தமிழும் அதே வரிசையில் போய் நிற்கிறது. வகுப்பில் இந்தப் படத்தை இனி இங்கிருந்துதான் தொடங்க வேண்டும்.